இராகுகாலத்தில் விழுந்த பதினான்கு வரிகள்

அத்தியாயம் 6

"நான் நியாயம் கேட்டு உங்களிட்ட வரேல்லை. அதுக்குக் கோர்ட் இருக்கு. எனக்கு அந்த றொஹான் அழவேணும். அதுவும் ஆக்களுக்கு முன்னால அழவேணும்."

தயாளினி இதைச் சொன்னபோது மீன்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை, அகப்பையும் நிற்கவில்லை. எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடித்திருந்தது. எங்கள் கந்தோருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் "மன்னித்துவிடலாமோ என்று யோசிக்கிறேன்" என்று தொடங்குவார்கள். மன்னிக்கப் போகிறவருக்குத் துப்பறியும் ஆள் எதற்கு? கோயிலுக்குப் போகலாமே.

நான் வின்சன்ற். கொட்டாஞ்சேனைக்காரன். பன்னிரண்டு வருடம் கட்டடங்களின் கூரைக்குள் தவழ்ந்து கேபிள் இழுத்தவன். முழங்கால் இரண்டும் போனபிறகு சுபோதினி அக்காவுக்கு உதவியாளனானேன். அக்கா காப்புறுதிக் கம்பனியொன்றில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு தையல் கடைக்கு மேலே தனியாகத் துப்பறியும் கந்தோர் போட்டவர். சிரிக்கமாட்டார். அந்தக் குறையை நிரப்பத்தான் நான்.

விஷயம் இதுதான். தயாளினியின் கணவர் கார்த்திகன் கொள்ளுப்பிட்டியில் உள்ள அலைவரி நெற்வேர்க்ஸ் கம்பனியில் எஞ்சினியர். ஆஸ்பத்திரி, ஹோட்டல், கடை என்று நூறு இடங்களின் நெற்வேர்க் பெட்டிகளை ஒரே மேசையிலிருந்து பார்த்துக்கொள்ளும் கம்பனி அது. அதற்கென்று இலவச மென்பொருளொன்று வைத்திருந்தார்கள். அதன் மூலநிரலை யாரும் திறந்து வாசிக்கலாம். செய்யவேண்டிய மாற்றத்தை முதலில் வரைவில் எழுதவேண்டும். அந்த வரி சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று யாங் என்ற அச்சு சரிபார்க்கும். பிறகு கொமிட் என்ற பொத்தானை அமத்தினால் மாற்றம் பெட்டிக்குப் போய்விடும், அமத்தியவரின் பெயர் பதிவில் ஏறிவிடும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் 12.01க்குக் கார்த்திகன் அமத்தினார். கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு கமெராவின் பெயரை மாற்ற ஒரு வரி. போனதோ பதினைந்து வரி. மற்றப் பதினான்கும் ஆஸ்பத்திரியின் பிரதான சுவிச்சில் பதினான்கு இணைப்புகளை மூடிவிட்டன. நாற்பது நிமிடம். சத்திரசிகிச்சை மேசையில் ஒரு கர்ப்பிணி கிடக்க, அவளுடைய இரத்த அறிக்கை கீழ்மாடியில் நின்றுவிட்டது. தாயும் பிள்ளையும் தப்பியது ஒரு தாதி படியேறி ஓடியதால். அந்த ஆஸ்பத்திரியின் கூரைக்குள் கேபிள் இழுத்தவன் நான். அதனால் இந்த வழக்கில் எனக்கும் கோபம் உண்டு.

பதிவில் கார்த்திகனின் பெயர். விசாரணை முடிவு, பாரதூரமான கவனக்குறைவு. வேலை போயிற்று. அதற்குப் பிறகு வேறு எந்தக் கம்பனியும் அவரை எடுக்கவில்லை. இப்போது மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டோடுகிறார். திங்கட்கிழமை தொழில் நியாயமன்றில் கடைசித் தவணை. இன்று வியாழன். எங்கள் கையில் இருந்தது விசாரணைக் குறிப்பும் ஒரேயொரு கடதாசியும், அந்தப் பதினைந்து வரிகளின் பிரதி.

அக்கா அந்தக் கடதாசியைப் பார்க்காமல் தயாளினியின் குசினியில் போத்தல்கள் அடுக்கிய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வின்சன்ற், அந்தப் போத்தல்களை வாசி."

வாசித்தேன். "மிளகாய்த்தூள், மூண்டாம் திகதி, கா. சீனி, பத்தாம் திகதி, கா. உப்பு, பதினோராம் திகதி, கா. உப்புக்குமா? உப்பு பழுதாகுற சாமான்னா காலிமுகக் கடற்கரையில ஒருத்தரும் நிக்க ஏலாதே."

"அவர் அப்பிடித்தான்," என்றார் தயாளினி. "எதுவெண்டாலும் திகதியும் எழுத்தும் போடாட்டி நித்திரை வராது."

"பதினைஞ்சு வரியில ஒண்டுக்குத்தான் போட்டிருக்கிறார்," என்றார் அக்கா. கமெரா வரியின் பக்கத்தில் காரணம், திகதி, கா என்ற எழுத்து. மற்றப் பதினான்கும் மொட்டையாக இருந்தன.

"அதை விசாரணையிலயும் சொன்னனாங்கள். அதுதானே கவனக்குறைவு எண்டு றொஹான் சிரிச்சவராம்." தயாளினி அடுப்பை அணைத்தார். "ஆக்கள் எல்லாரும் சேந்து சிரிச்சவையாம்."

றொஹான் அங்கே ஒப்பரேஷன்ஸ் மனேஜர். சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, வாடிக்கையாளர் ஒன்பது பேர் இருந்த கூட்டத்தில், "சேர், உங்கட இந்தத் திட்டம் வேலை செய்யாது" என்று கார்த்திகன் சொல்லியிருக்கிறார். வேலை செய்யவுமில்லை. றொஹானைப் போன்ற ஆட்கள் பிழையாகப் போனதை மறப்பார்கள், பிழை சொன்னவனை மறக்கமாட்டார்கள்.

"கீழ நிக்கிற மோட்டச்சைக்கிள் ஆற்றது?" அக்கா திடீரென்று கேட்டார்.

"அவற்றதான்."

"இப்ப ரெண்டேகால். வெள்ளவத்தை முழுக்கச் சாப்பாடு கேக்கிற நேரம். பார்சல் கொண்டோடுற மனிசன் ஏன் வீட்டில?"

தயாளினியின் கண் ஒரு நொடி சுவருக்குப் போய்த் திரும்பியது. சுவரில் நாட்காட்டி. வியாழக்கிழமை, இராகுகாலம் 1.30 முதல் 3.00 வரை. அதன்கீழே சிவப்பு மையால் கோடு. முன்னைய நாள்களிலும் அதே கோடு.

அறைக்கதவு திறந்தது. கார்த்திகன் நெடிய மெலிந்த மனிதர். பார்சல் கம்பனியின் ரீசேட் அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"மூண்டு மணிக்குப் பிறகுதான் வெளிக்கிடுவன்," என்றார்.

அக்கா உடனே பிடித்தார். "அந்த வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வரைவைத் திறந்தனீங்கள்?"

"பதினொண்டு அம்பத்தைஞ்சு."

"அது விசாரணையில சொன்னது. எனக்குச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை இராகுகாலம் பத்தரையிலயிருந்து பன்னிரண்டு."

கார்த்திகன் நிலத்தைப் பார்த்தார். "பத்து இருபதுக்குத் திறந்தனான். எழுதினன், சரி பாத்தன், ஒரு வரிதான் இருந்தது. அமத்துறதுக்கிடையில ஒரு போன் கோல் வந்திட்டுது. கதைச்சு முடிய பத்தரை தாண்டீட்டுது. அந்த நேரத்தில நான் ஒருநாளும் கொமிட் பண்ணினதில்லை. அப்பிடியே விட்டிட்டு எழும்பிப் போனனான். பன்னிரண்டு கழிய வந்து அமத்தினன்."

"திரும்பப் பாக்கேல்லை?"

"பாத்ததுதானே எண்டு..."

"ஏன் விசாரணையில சொல்லேல்லை?"

"மூண்டு பேர் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு முன்னால இருக்கினம். கந்தோரில எனக்கு ஏற்கெனவே இராகு எஞ்சினியர் எண்டு பேர். பட்டம் எடுத்தவன் இராகுகாலம் பாத்தவன் எண்டு அறிக்கையில எழுதிப்போடுவினம். வெக்கமாயிருந்தது. அஞ்சு நிமிசத்துக்கு முதல்தான் தொடங்கினன் எண்டு சொல்லிப்போட்டன்."

தயாளினி அவரைப் பார்த்த பார்வையில் அந்த மீன்குழம்பு இன்னொரு தரம் கொதித்திருக்கும். "எட்டு மாசம்," என்றார். "எட்டு மாசம் எனக்குக்கூடச் சொல்லேல்லை. நான் உங்களுக்காக ஆர் ஆற்ற காலிலயெல்லாம் விழுந்தனான்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போத்தல்களை அடுக்கினார். அடுக்கியிருந்ததைத்தான் திரும்ப அடுக்கினார்.

அக்கா மட்டும் அசையவில்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"நீங்கள் சொன்னது பொய்தான். ஆனா நல்ல பொய். இந்த உலகத்தில ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அந்த வரைவு பத்தரைக்கு முதலே திறந்து கிடந்ததெண்டு. ஒண்டு நீங்கள். மற்றது அந்தப் பதினாலு வரியையும் போட்டவன். அவன் அதை வாயால சொல்லவேணும், அவ்வளவுதான்."

"சொல்லுவானா?" என்றேன்.

"தனக்கு வந்தால் சொல்லுவான்."

*

அன்று பின்னேரமே றிகாஸைப் பிடித்தோம். காலி வீதியில் ஒரு சைவக் கடை, உழுந்து வடை, பிளேன்ரீ. றிகாஸ் மாளிகாவத்தைக்காரர், அலைவரியில் இன்னும் வேலை செய்கிறவர். கார்த்திகனுக்குப் பக்கத்து மேசையில் ஆறு வருடம் இருந்தவர். விசாரணையில் ஒரு வார்த்தையும் பேசாதவர். "இருக்கு" என்பது அவர் வாயில் "ஈக்கி" ஆகும்.

"வடை சாப்பிடுங்க," என்றேன். "வாயைத் திறக்குறதுக்குப் பழக்கமாகட்டும்."

அவர் முகம் சிவந்தது. "என்ன செய்ற? மகள் பொறந்து ரெண்டு மாசம். எனக்கும் வீடு ஈக்கி தானே. ஆனா அல்லாஹ் அறிய, நான் அண்டைக்கு ஒபிஸ்ல இல்ல. தெஹிவளையில ஒரு கஸ்டமர்ட கூரையில நிண்ட. அங்கேந்தே ஜும்ஆ தொழப் போன. கையில லப்டொப்பும் இல்ல."

"வரைவுக்குள்ள எழுதுற திறப்பு, அந்தப் பாஸ்வேட், ஆரார் கையில?" அக்கா கேட்டார்.

"மூணு பேர். கார்த்திகன், நான், றொஹான் சேர்."

"ஒருத்தர் திறந்து வச்சிருக்கிற வரைவில இன்னொருத்தர் எழுதலாமோ?"

றிகாஸ் சுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "எழுதலாம். எல்லாருக்கும் ஒரே வரைவுதான், ஒரே சட்டி மாதிரி. யாரும் வந்து உப்புப் போடலாம். கடைசியில எறக்கி வெக்கிறவன்ட பேர்தான் எழுதுபடும். பூட்டு ஒண்டு ஈக்கி. பூட்டிட்டு எழுதினா மத்தவன் தொட ஏலா. ஆனா பூட்டணும்னு கட்டாயம் இல்ல. எங்கட எடத்துல ஒருத்தரும் பூட்றல்ல."

"அந்த யாங் அச்சு பிடிக்காதா?" என்றேன். "சரி பாக்குறதுக்குத்தானே வெச்சிருக்கு."

"படிவம் சரியா நெரப்பி ஈக்கா எண்டுதான் அது பாக்கும். இணைப்பை மூடுறது சரியான வரிதானே. நெரப்பினவன்ட மனசை எல்லாம் அது பாக்காது."

அக்கா பையிலிருந்து விசாரணைக் குறிப்பை எடுத்தார். ஏழாம் பக்கம், றொஹான் சத்தியம் செய்து சொன்னது. "ஒருவர் வரைவைத் திறந்தவுடன் மென்பொருள் தானாகவே பூட்டிக்கொள்ளும். இன்னொருவர் எழுதுவது சாத்தியமில்லை. பதிவில் உள்ள பெயரே எழுதியவரின் பெயர்."

"பச்சைப் பொய்," என்றார் றிகாஸ். "சோர்ஸ் கோட் நெட்ல தொறந்து கெடக்கு. யாரும் வாசிக்கலாம்."

"யாரும் வாசிக்கலாம்னா ஒருத்தரும் வாசிக்கமாட்டாங்க," என்றேன். "எங்க ஒழுங்கை அறிவித்தல் பலகையும் அப்படித்தான்."

அக்கா தன் தேநீரை முடித்தார். "றிகாஸ், எட்டு மாசம் நீங்கள் வாய் திறக்கேல்லை. நாளைக்கும் திறக்கவேண்டாம். விரலை மட்டும் அசைச்சாக் காணும். உங்கட கூட்ட அறையில காட்டுறதுக்கெண்டு ஒரு சுவிச் வச்சிருக்கிறீங்கள் எல்லோ? எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாதது?"

றிகாஸ் வடையை எடுத்துக் கடித்தார். "எத்தன வரி?" என்று கேட்டார்.

"பதினாலு."

*

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு நாங்கள் கொள்ளுப்பிட்டியில், நாலாம் மாடியில், கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறையில் இருந்தோம். தயாளினி சிவப்புப் பட்டு உடுத்து, கல்கிசையில் மூன்று கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரியாக வந்திருந்தார். அந்த மண்டபங்களை நேற்றுப் பின்னேரம் தையல் கடைக்கு மேலே, கடதாசியில், நான்தான் கட்டிக் கொடுத்தேன். அக்கா அவருடைய ஆலோசகர், நான் ட்ரைவர். றொஹான் தயாளினியை முன்பின் கண்டதில்லை. விசாரணை நாளில் தயாளினி வெளியே ஓட்டோவுக்குள் இருந்தபடியே அழுதவர்.

றொஹான் நல்ல வாசனை பூசியிருந்தார். பேச்சும் வாசனைதான்.

"மெடம், இது வேர்ல்ட் ஸ்டாண்டர்ட். சோஃப்ட்வெயார் ஃப்ரீ, ஆனா மூளை எங்கட. உங்கட மூணு ஹோலையும் நான் இந்தக் கதிரையில இருந்தே பாப்பன்."

"செய்து காட்டுங்கோ," என்றார் அக்கா. "உங்கட கையால. வேற ஆக்கள் செய்யிறதில எங்களுக்கு நம்பிக்கையில்லை."

றொஹானுக்கு அது பிடித்திருந்தது. சுவரில் இருந்த பெரிய திரையில் வரைவைத் திறந்தார். மேசையில் இருந்த சுவிச்சின் பெயரை "கல்யாண மண்டபம்" என்று மாற்ற ஒரு வரி எழுதினார். யாங் சரிபார்த்தது. திரையில் ஒரேயொரு வரி.

"ஒரு வரிதானே?" என்றார் அக்கா. "வடிவாப் பாத்திட்டீங்களோ?"

"செக் பண்ணிட்டன் மெடம். இனி ஒரு கிளிக்தான்."

"அப்ப ஆறுதலா ரீயைக் குடிச்சிட்டு அமத்துங்கோ."

ரீ வந்தது. கட்லட்டும் றோல்ஸும் வந்தன. தயாளினி தன் மண்டபங்களின் மின்விளக்குகள் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார். அந்தப் பெண் இவ்வளவு பொய் சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது. அறையின் மூலையில் லப்டொப்போடு இருந்த றிகாஸ் ஒன்றுமே பேசவில்லை. விரல்கள் மட்டும் கொஞ்சம் அசைந்தன.

றொஹான் கைதுடைத்து, சிரித்து, கொமிட்டை அமத்தினார்.

சுவரில் இருந்த திரை கறுத்தது. மேசைத் தொலைபேசி செத்தது. கூரைக் கமெராவின் சிவப்புப் பொட்டு அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"கல்யாணம் நிண்டுபோச்சு போல," என்றேன்.

றிகாஸ் தன் லப்டொப்பைத் திருப்பிக் காட்டினார். "சேர், பதினஞ்சு வரி போயீக்கி. பதினாலு இணைப்பு மூடியிருக்கு. பதிவுல உங்கட பேர் விழுந்தீக்கி."

"அப்ப உங்கட கவனக்குறைவு," என்றார் தயாளினி. அந்தச் சொல்லை அவர் எட்டு மாதம் வாய்க்குள் வைத்திருந்தவர். "பாரதூரமான கவனக்குறைவு."

"நோ, நோ மெடம்! கவனக்குறைவு இல்ல. நீங்களும் பாத்தீங்கதானே, ஒரு லைன்தான் இருந்தது!"

"பதினைஞ்சு போயிருக்கு. உங்கட பேர்தானே கிடக்கு," என்றார் அக்கா.

"பேர் கிடந்தா? பேர் கொமிட் பண்ணினவர்ட பேர், எழுதினவர்ட பேர் இல்ல! ட்ராஃப்ட் எல்லாருக்கும் பொது மெடம். லொக் போடாட்டி யாரும் உள்ள வந்து எழுதலாம். நான் ரீ குடிக்கேக்க யாரோ போட்டிருக்கு."

எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும்போல இருந்தது. சட்டைப்பையில் இருந்த போன் ஒவ்வொரு சொல்லையும் பதிந்துகொண்டிருந்தது. ஆனால் அக்காவின் முகம் இறுகித்தான் இருந்தது. இது போதாது. முடியும் என்று சொல்லிவிட்டார், தான் செய்ததாகச் சொல்லவில்லை. அடுத்த கேள்வியை அக்கா இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது தயாளினி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். இது நாங்கள் பேசி வைத்ததில் இல்லை.

"நான் இதை நம்பமாட்டன். மாட்டுப்பட்டால் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம். இதுக்கு முதல் எப்பவாவது உண்மையா இப்பிடி நடந்திருக்கோ? நடந்ததெண்டா விவரமாச் சொல்லுங்கோ, இருக்கிறன். இல்லாட்டி நான் வேற கம்பனிக்குப் போறன்."

றொஹான் கதவையும் தயாளினியையும் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே தன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"நடந்திருக்கு மெடம். இருங்க. எங்கட இடத்திலேயே நடந்திருக்கு. ஒரு எஞ்சினியர். ஃப்ரைடே பத்தரைக்கு முதலே எழுதி, செக் பண்ணி, ஒரே ஒரு லைன். பக்கா. ஆனா ஆளுக்கு இராகுகாலப் பைத்தியம். கொமிட் பண்ணாம ஓப்பனா விட்டிட்டு எழும்பிப் போயிட்டார். ஒன்றரை மணித்தியாலம் அது அப்படியே கிடந்தது. அதுக்குள்ள வேற லைன்ஸ் வந்திட்டு. பன்னிரண்டுக்குப் பிறகு வந்தார், திரும்பப் பாக்காம அமத்தினார். அவர்ட பேர் விழுந்தது. ஆனா எழுதினது..."

அந்த இடத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. வாய் திறந்தபடி நின்றது.

"அவரில்லை," என்று அக்கா முடித்து வைத்தார். "வடிவாச் சொன்னீங்கள். இருங்கோ, இப்ப நான் வாசிக்கிறன்."

விசாரணைக் குறிப்பு மேசைக்கு வந்தது.

"ஏழாம் பக்கம். வரைவு தானாகப் பூட்டிக்கொள்ளும், இன்னொருவர் எழுத முடியாது எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறீங்கள். ஒம்பதாம் பக்கம். அண்டைக்குக் காலமை ஒம்பதிலயிருந்து ஒரு மணி மட்டும் கல்கிசைக் கிளையில இருந்தனீங்களாம். நாலாம் பக்கம். கார்த்திகன் பதினொண்டு அம்பத்தைஞ்சுக்குத்தான் வரைவைத் திறந்தவர் எண்டு சொல்லியிருக்கிறார். அது பொய். இராகுகாலம் பாத்தனான் எண்டு சொல்ல வெக்கப்பட்டவர். தன்ர மனிசிக்குக்கூட நேற்றுத்தான் சொன்னவர். பத்தரைக்கு முதல் ஒரு வரி இருந்ததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நான்... சிஸ்டத்தில பாத்தன். கல்கிசையில இருந்தும் பாக்கலாம்தானே."

"பாக்கலாம். எழுதவும் ஏலும். திறப்பு மூண்டு பேரிட்ட. றிகாஸ் லப்டொப் இல்லாமல் தெஹிவளையில ஒரு கூரையில. கார்த்திகன் எழும்பிப் போட்டார். மிச்சம் ஆர் எண்டு எனக்குக் கணக்கு வராது. வின்சன்ற், உனக்கு வருமோ?"

"மூணுல ரெண்டு போனா ஒண்ணு அக்கா. ஆனா அந்த ஒண்ணு பாரதூரமா ஈக்கி," என்றேன், றிகாஸைப் பார்த்துக்கொண்டு.

"பத்து நிமிசத்தில சரியாயிடும் எண்டுதான் நினைச்சன்," என்றார் றொஹான். "அவனை ஒருக்கா வெக்கப்படுத்தத்தான். ஒன்பது பேருக்கு முன்னால என்னை..."

"அந்த மேசையில ஒரு பொம்பிளை கிடந்தவ," என்றார் தயாளினி. "அந்தப் பிள்ளைக்கு இப்ப எட்டு மாசம். அது உங்களுக்குத் தெரியுமோ?"

அதே நேரம் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். கையில் ஆறு பார்சல், தலையில் ஹெல்மெற். பதினொன்றரைக்குக் கொண்டுவரும்படி அக்கா கொடுத்த ஓடர். இராகுகாலம் தொடங்குமுன், பத்து மணிக்கே வெளிக்கிட்டுக் கீழே காத்திருந்தாராம். இதே மாடிக்கு, இதே கதவால், தன் பழைய சிநேகிதர்களுக்கு இரண்டு தடவை சாப்பாடு கொண்டுவந்த மனிதர்தான். அப்போதெல்லாம் ஹெல்மெற்றைக் கழற்றவில்லையாம்.

இன்று கழற்றினார். கண்ணாடிக்கு வெளியே யாரோ "கார்த்தி" என்றார்கள்.

அக்கா பையிலிருந்து இன்னொரு கடதாசியை எடுத்து றொஹானுக்கு முன்னால் வைத்தார். நியாயமன்றுக்கு முகவரியிட்ட கடிதம். "பதினான்கு வரிகளையும் எழுதியது நான், கார்த்திகன் அல்ல, பூட்டு பற்றி நான் சொன்ன சாட்சியம் பொய்." கீழே கையெழுத்து வைக்க இடம்.

"திங்கட்கிழமை இந்தக் கடிதம் போகும். இல்லாட்டி வின்சன்ற்ர போன் போகும். போன் போனால் பொய்ச் சத்தியமும் சேர்ந்து போகும், ஆஸ்பத்திரிக்காரரும் கேப்பினம். உங்கட விருப்பம்."

றொஹான் பேனையை இழுத்தெடுத்தார். அவருக்கு அவசரம். கண்ணாடிக்கு வெளியே பதினைந்து இருபது பேர் நின்றார்கள், அந்தக் கண்களிலிருந்து எப்படியாவது ஓடிவிட வேண்டும். பேனை முனை கடதாசியைத் தொட்டது.

"நில்லுங்கோ," என்றார் கார்த்திகன்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தெட்டு.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மட்டும் இராகுகாலம். நான் இந்த நேரத்தில ஒண்டும் ஏற்றுக்கொள்ளுறதில்லை. பன்னிரண்டு தாண்டட்டும்."

இம்முறை அவர் அதைச் சத்தமாகச் சொன்னார். வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு நிமிசம் என்ன செய்ய?" என்று றொஹான் முனகினார்.

"இருங்கோ," என்றார் கார்த்திகன். "எல்லாரும் பாக்கட்டும். நானும் இருக்கிறன். போன முறை மாதிரி விட்டிட்டு எழும்பிப் போகமாட்டன்."

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அந்தக் கடதாசிக்கு நேரே உட்கார்ந்தார். கண்ணை எடுக்கவேயில்லை. தயாளினி அவருக்குப் பக்கத்தில் நின்றார். நான் ஒரு பார்சலைப் பிரித்தேன். கோழிப் புரியாணி. பகை தீர்க்கும் இடத்தில் சாப்பிடுவது சரியா என்று ஒருமுறை யோசித்துவிட்டுச் சாப்பிட்டேன். மிக நன்றாக இருந்தது.

றிகாஸ் ஜும்ஆவுக்குப் புறப்பட வேண்டியவர். போகவில்லை. "இன்னும் நேரம் ஈக்கி," என்று கதவில் சாய்ந்து நின்றார்.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு றொஹானின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முகத்தைக் கையால் மூடினார். கண்ணாடிக்கு மறைக்க ஏதும் இல்லை. தயாளினி மீன்குழம்பைக் கிளறியபோது இருந்த அதே முகத்தோடு கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு அடித்தது. றொஹான் பேனையை எடுத்தார். கார்த்திகன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தார். பதினைந்து வரி இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு தன் பேனையால் ஓரத்தில் திகதியிட்டு, கா என்று எழுதி, கடிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

மணி 12.01.

"இப்ப வையுங்கோ," என்றார்.